கண்ணைச் சோதிப்பவருக்குப் பதிவு எண் உண்டா?

காரைக்குடிக் கடைவீதியில் ஒரு மருந்துக் கடைக்குள் நுழைந்தால் சுவரில் சட்டமிட்ட சான்றிதழ் தொங்குவதைப் பார்க்கலாம். மருந்தாளுநரின் பெயரும் பதிவு எண்ணும் அதில் இருக்கும். சில கடைகள் தள்ளிக் கண்ணாடிக் கடை ஒன்று வரும். ‘கம்ப்யூட்டர் கண் பரிசோதனை இலவசம்’ என்று வாசலில் பலகை. உள்ளே நம்மை உட்காரவைத்து, கண்ணுக்குள் விளக்கடித்து, பவர் எழுதிக் கொடுக்கிறார் ஒருவர். அவர் யார், என்ன படித்தார், எங்கே பதிவு செய்திருக்கிறார் என்று சொல்லும் தாள் எதுவும் பெரும்பாலும் சுவரில் இருப்பதில்லை.

மருந்தாளுநருக்கான சட்டம் 1948இலேயே வந்துவிட்டது. பல் மருத்துவருக்கான சட்டமும் அதே ஆண்டில் வந்தது. செவிலியர் கவுன்சிலுக்கான சட்டம் அதற்கும் ஓராண்டு முந்தியது. கண்ணைச் சோதித்துப் பவர் எழுதும் ஆப்டோமெட்ரிஸ்டை நாடு முழுமைக்குமான பதிவுமுறைக்குள் கொண்டுவரும் சட்டம் 2021இல்தான் நிறைவேறியது. இடைவெளி 73 ஆண்டுகள். அந்தச் சட்டம் மெல்ல மெல்ல நடைமுறைக்கு வரும் இந்த நேரத்தில், கண்ணாடிக் கடை வைத்திருப்பவர்களுக்கும், பிள்ளையை ஆப்டோமெட்ரி படிப்பில் சேர்க்க நினைக்கும் பெற்றோருக்கும், கண் முகாம் நடத்தும் குடும்பங்களுக்கும் ஒரே குழப்பம். யார் பதிவு செய்ய வேண்டும்? பதிவு செய்தவர் எதுவரை போகலாம்?

‘கண் டாக்டர்’ என்று நாம் அழைக்கும் நால்வர்

தேவகோட்டையானாலும் புதுவயலானாலும் கண்ணைப் பார்க்கும் எவரையும் ‘கண் டாக்டர்’ என்றே சொல்லிப் பழகிவிட்டோம். குழப்பத்தின் வேர் அங்கேதான் இருக்கிறது.

1. கண் மருத்துவர். எம்.பி.பி.எஸ். முடித்து, அதன்மேல் கண் மருத்துவத்தில் மேற்படிப்பு முடித்தவர். நோயைக் கண்டறியலாம், மருந்து எழுதலாம், அறுவை செய்யலாம். மருத்துவக் கவுன்சிலில் பதிவு பெற்றவர்.

2. ஆப்டோமெட்ரிஸ்ட். பிளஸ் டூவுக்குப் பிறகு நான்காண்டுப் பட்டப்படிப்பு. அதில் கடைசி ஓராண்டு மருத்துவமனைப் பயிற்சி. பவர் கண்டறிவது, காண்டாக்ட் லென்ஸ் பொருத்துவது, இரு கண்களும் சேர்ந்து இயங்குகின்றனவா என்று பார்ப்பது, பார்வை மிகவும் குறைந்தவர்களுக்கு உதவிக் கருவிகள் தருவது ஆகியவை இவர் வேலை. நோயின் அறிகுறியை இனங்கண்டு மருத்துவரிடம் அனுப்புவதும் இவர் கடமை.

3. கண் மருத்துவ உதவியாளர். பெரும்பாலும் இரண்டாண்டு டிப்ளமோ படித்தவர். 1976இல் தொடங்கிய தேசியப் பார்வையிழப்புத் தடுப்புத் திட்டம் இவர்களை ஆரம்ப சுகாதார நிலையங்களுக்குக் கொண்டுவந்தது. அரசுப் பள்ளிகளில் பிள்ளைகளின் கண்ணைச் சோதிப்பவர்கள் இவர்கள்.

4. ஆப்டிசியன். எழுதப்பட்ட பவருக்கு ஏற்ற கண்ணாடியைச் செய்து, பிரேமில் பொருத்தி, மூக்குக்கும் காதுக்கும் சரிபார்த்துக் கொடுப்பவர். கைத்திறன் மிக்க வேலை. ஆனால் கண்ணைச் சோதிப்பது அதில் அடங்காது.

நம்மூர்க் கடைகள் பலவற்றில் நான்காமவரே இரண்டாமவர் வேலையையும் சேர்த்துச் செய்துவருகிறார். தந்தையிடம் மகன் கற்றுக்கொண்ட தொழிலாகவே அது இருந்துவந்திருக்கிறது. அனுபவத்தால் நன்றாகப் பவர் பார்ப்பவர்கள் உண்டு. அதை மறுக்க முடியாது. ஆனால் பவர் பார்ப்பது மட்டுமே வேலையாக இருந்தால்தான் அந்த அனுபவம் போதும்.

எண்ணுக்குப் பின்னால் இருப்பது

ஒரு பவர் சீட்டில் நான்கு விஷயங்கள் இருக்கும். ஸ்பியர் என்பது கிட்டப்பார்வையா தூரப்பார்வையா, எவ்வளவு என்பது. சிலிண்டர் என்பது கருவிழியின் வளைவு எல்லாத் திசையிலும் ஒன்றுபோல் இல்லாததால் வரும் குறை. ஆக்சிஸ் அந்தக் குறை எந்தக் கோணத்தில் இருக்கிறது என்பதைச் சொல்லும். ஆட் என்பது நாற்பதை ஒட்டி வரும் வெள்ளெழுத்துக்காகக் கீழ்ப்பாதியில் கூட்டும் பவர். கம்ப்யூட்டர் என்று பலகையில் எழுதியிருக்கும் ஆட்டோ ரிஃப்ராக்டோமீட்டர் முதல் மூன்றையும் சில நொடிகளில் தோராயமாகச் சொல்லிவிடும். அதிலிருந்து தொடங்கி, ஒவ்வொரு வில்லையாக மாற்றி, ‘இது தெளிவா, அது தெளிவா’ என்று கேட்டு முடிவுக்கு வருவதுதான் சோதனை. இயந்திரம் தந்த எண்ணை அப்படியே தாளில் எழுதிக் கொடுப்பது பாதிச் சோதனை.

மீதிப் பாதி ஏன் முக்கியம் என்பதற்கு மூன்று நிலைகளைப் பார்க்கலாம்.

முதலில் முதியவர்கள். பிள்ளைகள் சிங்கப்பூரிலும் அமெரிக்காவிலும் இருக்க, பெரிய வீட்டில் தனியாக இருக்கும் ஆச்சி, ‘எண்பது வயதில் கண்ணாடி இல்லாமல் பேப்பர் படிக்கிறேன்’ என்று பெருமையாகச் சொல்வதைக் கேட்டிருப்போம். பல சமயம் அது கண்புரையின் அறிகுறி. கண்ணின் வில்லை நடுவில் இறுகும்போது அதன் ஒளி விலக்கும் திறன் கூடுகிறது. கண் கிட்டப்பார்வைப் பக்கம் நகர்கிறது. அதனால் பக்கத்தில் இருக்கும் எழுத்து தெரிகிறது, தூரத்தில் வரும் பஸ்ஸின் பலகை மங்குகிறது. பவரை மட்டும் பார்ப்பவர் புதுக் கண்ணாடி போட்டு அனுப்புவார். சில மாதத்தில் பவர் மறுபடி மாறும், இன்னொரு கண்ணாடி. வில்லையைப் பார்க்கத் தெரிந்தவர் முதல் நாளே மருத்துவரிடம் அனுப்புவார்.

அடுத்தது சர்க்கரை நோய். இரத்தத்தில் சர்க்கரை ஏறி இறங்கும்போது கண் வில்லையில் நீரின் அளவு மாறி, பவரும் ஏறி இறங்கும். சர்க்கரை கட்டுப்படாத வாரத்தில் எடுத்த பவருக்குச் செய்த கண்ணாடி, கட்டுப்பட்ட பிறகு பொருந்தாது. இந்தக் காசு விரயம்கூடப் பெரிதில்லை. பவர் இப்படி ஆடுவதைப் பார்த்து, ‘சர்க்கரை பார்த்தீர்களா, விழித்திரை பார்த்தீர்களா?’ என்று கேட்கத் தெரிந்த ஒருவர் எதிரில் இருக்கவேண்டிய இடம் அது. கண் அழுத்த நோயும் இதே வகை. வலியில்லாமல் பார்வையை ஓரத்திலிருந்து தின்னும் அந்த நோய், பெரும்பாலும் வெள்ளெழுத்துக்குக் கண்ணாடி வாங்க வந்த நேரத்தில் தற்செயலாகத்தான் பிடிபடுகிறது. இழந்த பார்வை திரும்பாது. நாற்பது வயதுக்காரர் கண்ணாடிக் கடைப் படியேறும் அந்த ஒரு நாளை நழுவவிட்டால் அடுத்த வாய்ப்பு எப்போது வரும் என்று சொல்ல முடியாது.

மூன்றாவது குழந்தைகள். சிறு பிள்ளையின் கண் வில்லை வளைந்து கொடுக்கும் சக்தி மிகுந்தது. இயந்திரத்துக்குள் பார்க்கும்போது அந்த வில்லை தானாக முயன்று, இல்லாத கிட்டப்பார்வையை இருப்பதாகக் காட்டிவிடும். அதனால்தான் சொட்டு மருந்து விட்டு, வில்லையின் முயற்சியை அடக்கிவிட்டுச் சோதிக்கிறார்கள். ஒரு கண்ணில் மட்டும் பவர் அதிகமாக இருந்தால் மூளை அந்தக் கண்ணைப் புறக்கணிக்கத் தொடங்கும். சோம்பேறிக் கண் என்பது இதுதான். ஏழெட்டு வயதுக்குள் கண்டுபிடித்தால் சீர்செய்வது எளிது, தாமதமாகத் தாமதமாகக் கடினம். அரசின் கண்ணொளி காப்போம் திட்டத்தில் பள்ளியிலேயே கண் பார்க்கப்பட்டு ‘மருத்துவமனைக்குப் போகவும்’ என்று சீட்டு வந்தால், அந்தச் சீட்டுடன் கடைக்குப் போய் முடித்துக்கொள்ளக் கூடாது என்பது இதனால்தான்.

கண்ணைச் சோதிப்பவருக்கு உரிமம் கேட்பதன் நியாயம் இந்த மூன்றிலும் இருக்கிறது. எப்போது கண்ணாடி தரக் கூடாது என்று தெரிந்தவரா என்பதைத்தான் உரிமம் உறுதிசெய்ய வேண்டும்.

சட்டம் ஏன் இவ்வளவு தாமதமானது

இந்தியாவில் ஆப்டோமெட்ரி கல்வி புதிதில்லை. அலிகாரிலும் ஹைதராபாதிலும் 1958இல் இரண்டாண்டுப் படிப்பு தொடங்கியது. சென்னையில் சங்கர நேத்ராலயாவைச் சேர்ந்த எலீட் ஸ்கூல் ஆப் ஆப்டோமெட்ரி 1985 முதல் பட்டப்படிப்பு நடத்துகிறது. பட்டதாரிகள் வந்தார்கள், அவர்கள் பெயரைக் குறித்துவைக்கச் சட்டப்படியான பதிவேடுதான் இல்லை. தொழில்முறையினர் தாங்களே அமைத்துக்கொண்ட கவுன்சில் இருந்தது, இருக்கிறது. அதில் சேர்வது அவரவர் விருப்பம். சேராதவரைத் தடுக்க அதற்கு அதிகாரம் கிடையாது.

இதற்கு அரசமைப்புச் சட்டத்திலும் ஒரு காரணம் இருக்கிறது. மருத்துவமனைகளும் பொதுச் சுகாதாரமும் மாநிலப் பட்டியலில் உள்ளன. சட்டம், மருத்துவம் முதலிய தொழில்களை ஒழுங்குபடுத்துவது பொதுப்பட்டியலின் 26ஆம் பதிவில் வருகிறது. மத்திய அரசும் சட்டம் இயற்றலாம், மாநிலமும் இயற்றலாம். மத்தியப் பிரதேசமும் இமாச்சலப் பிரதேசமும் துணை மருத்துவத் தொழில்களுக்குத் தனிச் சட்டமே இயற்றின. மற்ற மாநிலங்கள் பலவும் மத்தியச் சட்டம் வரட்டும் என்று காத்திருந்தன.

அந்தச் சட்டம் தேசிய இணை மற்றும் சுகாதாரப் பராமரிப்புத் தொழில்கள் ஆணையச் சட்டம், 2021. மார்ச் 2021இல் நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் நிறைவேற்ற, அதே மாதம் 28ஆம் தேதி குடியரசுத் தலைவர் ஒப்புதல் அளித்தார். மே மாதம் நடைமுறைக்கு வந்தது. ஒவ்வொரு மாநிலமும் ஆறு மாதத்துக்குள் தன் கவுன்சிலை அமைக்க வேண்டும் என்று சட்டம் சொன்னது. பல மாநிலங்கள் அமைக்கவில்லை. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், ஆகஸ்ட் 2024இல் இரண்டு மாதக் கெடு விதித்து நீதிமன்றம் உத்தரவிட வேண்டியதாயிற்று. மூன்றாண்டுகள் ஒரு சட்டத்தைத் தாளிலேயே உறங்கவிட்டது நோயாளிகளுக்கு இழைத்த அநீதி. இதில் மென்மையாகச் சொல்ல எதுவும் இல்லை.

சட்டத்தின் கட்டுமானம்

1. சட்டத்தின் அட்டவணை தொழில்களைப் பத்து வகையாகப் பிரிக்கிறது. ஐந்தாவது வகை கண் அறிவியல். அதில் ஆப்டோமெட்ரிஸ்ட், கண் மருத்துவ உதவியாளர், பார்வைத் தொழில்நுட்பர் ஆகியோர் வருகிறார்கள். கண்ணாடி பொருத்தி விற்பது இவற்றில் ஒன்றாகச் சொல்லப்படவில்லை. கடைக்காரர் கண்ணாடி விற்பதற்கு இந்தச் சட்டம் குறுக்கே நிற்காது. பதிவில்லாமல் ஆப்டோமெட்ரிஸ்ட் என்று பலகை வைத்தால் சிக்கல்.

2. இரண்டு படிநிலைகள். குறைந்தது 2,000 மணி நேரம், இரண்டு முதல் நான்காண்டுகளுக்குள் படித்த டிப்ளமோ அல்லது பட்டம் பெற்றவர் இணைச் சுகாதாரத் தொழில்முறையாளர். குறைந்தது 3,600 மணி நேரம், மூன்று முதல் ஆறாண்டுகளுக்குள் பட்டம் படித்தவர் சுகாதாரப் பராமரிப்புத் தொழில்முறையாளர். முதலாமவர் மற்றவர் வகுத்த சிகிச்சைக்குத் துணைநிற்பவர். இரண்டாமவர் தாமே ஆராய்ந்து ஆலோசனை சொல்லக்கூடியவர். நான்காண்டு ஆப்டோமெட்ரி பட்டதாரி இரண்டாம் படியில் நிற்கிறார்.

இந்த வேறுபாடு வெறும் பெயர்ப் பெருமைக்காக வந்ததில்லை. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை 2004 முதல் சிற்றூர்களில் நடத்திவரும் பார்வை மையங்களை எடுத்துக்கொள்ளுங்கள். பயிற்சி பெற்ற பணியாளர் கண்ணைச் சோதித்துப் படமெடுக்கிறார். மருத்துவர் தொலைவிலிருந்து இணையம் வழியே பார்த்து முடிவு சொல்கிறார். முதல் படியில் இருப்பவர் எப்படிப் பயன்படலாம் என்பதற்கு நல்ல எடுத்துக்காட்டு இது. அதே பணியாளர் மேற்பார்வை எதுவும் இல்லாமல் தனிக் கடை போட்டு ‘கண் மருத்துவமனை’ என்று எழுதினால் அது வேறு கதை.

3. பதிவேடு இரண்டு. மாநிலக் கவுன்சில் மாநிலப் பதிவேட்டை வைத்திருக்கும். தேசிய ஆணையம் மத்தியப் பதிவேட்டை வைத்திருக்கும். ஒழுக்க நெறியை மீறியவர்மீது புகாரை விசாரிக்கும் பொறுப்பு மாநிலக் கவுன்சிலுக்கு. அதன்கீழ் ஒழுக்கமும் பதிவும் கவனிக்கத் தனி வாரியம் உண்டு.

4. சட்டம் வருவதற்கு முன்பே தொழில் செய்துவந்தவர்களும் பதிவு செய்துகொள்ள வழி இருக்கிறது. ஆண்டுக்கணக்கில் நேர்மையாக உழைத்தவரை ஒரே நாளில் வெளியே தள்ளும் நோக்கம் சட்டத்துக்கு இல்லை.

5. பதிவில்லாமல் பதிவு பெற்றவர்போல் காட்டிக்கொள்வது குற்றம். முதலில் அபராதம், திரும்பச் செய்தால் சிறைத் தண்டனைவரை போகலாம்.

6. புதுப் படிப்பு தொடங்கவோ இடங்களைக் கூட்டவோ கல்வி நிறுவனம் அனுமதி பெறவேண்டும். ஆப்டோமெட்ரி உட்படப் பத்துத் தொழில்களுக்குப் பொதுவான பாடத்திட்டத்தை 2025இல் மத்திய அரசு வெளியிட்டது. அதே ஆண்டு, இந்தச் சட்டத்துக்குள் வரும் படிப்புகளை அஞ்சல் வழியிலும் இணைய வழியிலும் நடத்தப் பல்கலைக்கழக மானியக் குழு தடை விதித்தது. வார இறுதி வகுப்பில் ஆப்டோமெட்ரி டிப்ளமோ என்று துண்டறிக்கை கையில் வந்தால் இதை நினைவில் வையுங்கள்.

சொட்டு மருந்து என்ற எல்லைக்கோடு

பதிவு இருந்தால் ஆப்டோமெட்ரிஸ்ட் மருந்து எழுதலாமா? அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். இந்தியாவில் மருந்து விற்பனையை 1945ஆம் ஆண்டின் மருந்து விதிகள் கட்டுப்படுத்துகின்றன. அவற்றின் எச் அட்டவணையில் உள்ள மருந்துகளைப் பதிவு பெற்ற மருத்துவரின் சீட்டுக்குத்தான் விற்கலாம். கண்ணுக்கான ஸ்டீராய்டு சொட்டு மருந்து அந்த வகை. கண் சிவந்தால் கடையில் கேட்டு வாங்கி விட்டுக்கொள்வது நம்மிடையே சாதாரணமாகிவிட்டது. சிவப்பு இரண்டே நாளில் மறையும். மாதக்கணக்கில் தொடர்ந்தால் கண்ணின் அழுத்தம் ஏறும், புரையும் விழும். ஆப்டோமெட்ரிஸ்ட் பதிவு இந்த விதியை மாற்றவில்லை.

அமெரிக்காவில் இதே கோடு ஒவ்வொரு மாநிலத்திலும் ஒவ்வோர் இடத்தில் கிழிக்கப்பட்டிருக்கிறது. மருமகனோ பேத்தியோ அங்கே ஆப்டோமெட்ரி படிக்கும் குடும்பங்கள் இதை அறிந்திருப்பது நல்லது. அங்கே உரிமம் கொடுப்பது மாநிலம். மின்னசோட்டா 1901இல் முதல் சட்டம் இயற்றியது. 1924க்குள் எல்லா மாநிலங்களிலும் சட்டம் வந்துவிட்டது. சோதனைக்கான சொட்டு மருந்தை ஆப்டோமெட்ரிஸ்ட் பயன்படுத்த 1971இல் ரோட் ஐலண்டும், சிகிச்சை மருந்து எழுத 1976இல் மேற்கு வர்ஜீனியாவும் முதலில் அனுமதித்தன. ஓக்லஹோமா 1998இல் சில லேசர் சிகிச்சைகளுக்கும் அனுமதி தந்தது. பக்கத்து மாநிலத்தில் அதே வேலைக்கு அனுமதி இல்லாமல் இருக்கலாம். ஒரு மாநில உரிமத்தோடு அடுத்த மாநிலத்தில் தொழில் தொடங்க முடியாது. அங்கும் தனியாக விண்ணப்பிக்க வேண்டும்.

சிங்கப்பூரில் 2007ஆம் ஆண்டின் சட்டமும் மலேசியாவில் 1991ஆம் ஆண்டின் சட்டமும் ஆப்டோமெட்ரிஸ்டையும் ஆப்டிசியனையும் தனித்தனியே பதிவு செய்கின்றன. தொழில் செய்வதற்கான சான்றிதழை அவ்வப்போது புதுப்பிக்கவும் வேண்டும். செட்டிநாட்டுக் குடும்பங்கள் தலைமுறைகளாகப் போய்வரும் ஊர்கள் இவை. அங்கே சுவரில் தொங்கும் சான்றிதழைப் பார்த்துவிட்டு உட்காருகிறவர்கள், சொந்த ஊருக்கு வந்தால் எதையும் கேட்காமல் உட்காருகிறார்கள்.

இங்கே இனி என்ன மாறும்

கடைக்காரருக்கு: மாநகராட்சியில் பெறும் தொழில் உரிமம் இடத்துக்கானது. கண்ணைச் சோதிக்கும் உரிமை ஆளுக்கானது. முதலாவது இருப்பதால் இரண்டாவது வந்துவிடாது. காரைக்குடி 2024இல் மாநகராட்சி ஆனபின் உரிமச் சீட்டில் பெயர் மாறியிருக்கலாம். இந்த வேறுபாடு மாறவில்லை. பதிவு பெற்ற ஆப்டோமெட்ரிஸ்ட் ஒருவரை வேலைக்கு வைத்துக்கொண்டு, பொருத்தும் வேலையைத் தாம் செய்வதே கடைக்காரருக்கு நேரான வழி. செலவுதான். ஆனால் கண்டாங்கிச் சேலைத் தறியில் இழை எண்ணுகிறவரும், ஆத்தங்குடியில் தரைக்கல் அச்சுக்குள் வண்ணம் ஊற்றுகிறவரும், பனையோலைக் கொட்டான் முடைகிறவரும் கண்ணை நம்பித்தான் பிழைக்கிறார்கள். அவர்களுக்குத் தவறான பவர் கொடுப்பது கூலியைக் குறைப்பதற்குச் சமம்.

பெற்றோருக்கு: கல்லூரியில் பணம் கட்டுமுன் மூன்று கேள்விகள் போதும். படிப்பு நான்காண்டா? கடைசி ஆண்டுப் பயிற்சி எந்த மருத்துவமனையில்? படித்து வந்தால் மாநிலக் கவுன்சிலில் பதிவு கிடைக்கும் என்று எழுத்தில் தருவார்களா? மூன்றாவதற்கு மழுப்பலான பதில் வந்தால் எழுந்து வந்துவிடலாம்.

முகாம் நடத்துவோருக்கு: மணிவிழாவை ஒட்டியும் குடமுழுக்கை ஒட்டியும் ஊருக்கு இலவசக் கண் முகாம் நடத்துவது நல்ல தர்மம். யார் சோதிக்கிறார்கள், சந்தேகம் உள்ளவர்களை எந்த மருத்துவமனைக்கு அனுப்புகிறார்கள், அழைத்துப்போய்க் கொண்டுவந்துவிட வண்டி இருக்கிறதா என்பதை முதலிலேயே கேட்டு முடிவு செய்ய வேண்டும். அந்த மூன்றும் இல்லாத முகாமில் கண்ணாடி விற்பனைதான் நடக்கும்.

நோயாளிக்கு: பவர் சீட்டைக் கேட்டு வாங்குங்கள். கண்ணாடி அங்கேயே வாங்கினாலும் வாங்காவிட்டாலும் கேளுங்கள். அமெரிக்காவில் சோதனை முடிந்ததும் கேட்காமலேயே சீட்டைக் கையில் தந்துவிட வேண்டும் என்று 1978 முதல் விதி இருக்கிறது. இங்கே சீட்டைப் பிடித்துவைத்துக்கொண்டு, பிரேமும் வில்லையும் தங்களிடமே வாங்கவைக்கும் வழக்கம் இன்னும் இருக்கிறது. சீட்டில் சோதித்தவரின் பெயர், தேதி, பதிவு எண் மூன்றும் இருக்கிறதா என்று பாருங்கள். போன ஆண்டுச் சீட்டையும் பழைய கண்ணாடியையும் ஒரு பையில் போட்டுவைத்து, அடுத்த முறை போகும்போது எடுத்துச் செல்லுங்கள். பவர் எந்த வேகத்தில் எந்தப் பக்கம் நகர்கிறது என்பது அந்தப் பையைப் பார்த்தால்தான் சோதிப்பவருக்குத் தெரியும்.